மிதப்பதும் மூழ்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுப்பதால் இந்தச் சந்தேகங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளைகள் மட்டுமல்ல, அவர்களைக் கூட்டிப் போக வரும் பெற்றோர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளிதானவை முதலில் வருகின்றன, போகப் போகச் சிக்கலானவை. பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

கனமா இருந்தா மூழ்கும், லேசா இருந்தா மிதக்கும். அவ்வளவுதானே சார்?

இல்லை. ஒரு டன் எடையுள்ள மரத்தடி ஆற்றில் மிதந்து போகிறது, ஒரு கிராம்கூட இல்லாத மணல் துகள் அடியில் போய் உட்காருகிறது. பொருளின் எடையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பார்க்க வேண்டியது இரண்டு எடைகளை. ஒன்று, பொருளின் எடை. இன்னொன்று, அந்தப் பொருள் முழுக்க உள்ளே போனால் எவ்வளவு தண்ணீரை விலக்குமோ அந்தத் தண்ணீரின் எடை. பொருள் அதைவிடக் கனமாக இருந்தால் மூழ்கும், லேசாக இருந்தால் மிதக்கும். ஒரு லிட்டர் இடத்தை அடைக்கும் கல் ஏறக்குறைய 2.7 கிலோ, ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ, அதனால் கல் மூழ்குகிறது. ஒரே அளவு இடத்துக்குள் எவ்வளவு எடை இருக்கிறது என்பதைத்தான் அடர்த்தி என்கிறோம். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்துக்கொண்டால் இரும்பு 7.9, தங்கம் 19.3, பனிக்கட்டி 0.92, தேங்காய் எண்ணெயும் ஏறக்குறைய 0.92. கீழே வருகிற எல்லாப் பதில்களும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன.

சரி, தண்ணி எதுக்குப் பொருளை மேலே தள்ளணும்? அதுக்கு என்ன அவசியம்?

ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடுகிறது. காரணம் அவ்வளவுதான். ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. உள்ள கனசதுரப் பெட்டி ஒன்று தண்ணீருக்குள் இருப்பதாக வையுங்கள். அதன் மேல்முகம் 10 செ.மீ. ஆழத்தில், அடிமுகம் 20 செ.மீ. ஆழத்தில். மேல்முகத்தின் தலைமேல் நிற்கிற தண்ணீர் 1 லிட்டர், அதாவது 1 கிலோ எடை அதைக் கீழே அழுத்துகிறது. அடிமுகத்தின் ஆழத்தில் இரண்டு லிட்டர் நிற்கிற அழுத்தம் இருக்கிறது, அது 2 கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தள்ளுகிறது. பக்கங்களில் எதிரெதிராக வருகிற தள்ளுகள் சரிக்குச் சரியாகிவிடும். மிச்சம் 1 கிலோ, மேல்நோக்கி. பெட்டி அடைத்துக்கொண்ட இடமும் சரியாக ஒரு லிட்டர்தான்!

இன்னும் ஆழத்தில் வைத்தால் இரண்டு எண்களும் கூடும், வித்தியாசம் அதே 1 கிலோதான். பெட்டிக்குள் இருப்பது இரும்பா பஞ்சா என்பது தண்ணீருக்குத் தெரியாது. அடைத்துக்கொண்ட இடம் மட்டும்தான் கணக்கு. இந்த மிதப்பு விசையைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே சிராக்கியூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் கணக்காக எழுதி வைத்துவிட்டார்.

இதை வீட்டிலேயே பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது, எல்லோரும் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். ஒரு கருங்கல்லை எடை போடுங்கள், 270 கிராம் என்று வைப்போம். பிறகு முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தைத் தராசில் வைத்துக் காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, கையில் பிடித்தபடியே, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் தண்ணீருக்குள் இறக்குங்கள். கல் பாத்திரத்தைத் தொடவே இல்லை, ஆனாலும் தராசில் எண் ஏறும். கல் முழுக்க உள்ளே போனதும் ஏறக்குறைய 100 கிராம் காட்டி நிற்கும். இன்னும் கீழே இறக்கினாலும் அதே 100தான்.

தண்ணீர் கல்லை 100 கிராம் அளவுக்கு மேலே தாங்குகிறது. கல்லும் அதே அளவுக்குத் தண்ணீரைக் கீழே அழுத்துகிறது, அதைத்தான் தராசு காட்டுகிறது. உங்கள் கையில் மிச்சம் 170 கிராம். கல் அடியில் உட்கார்ந்ததும் எண் 270க்குத் தாவும். 270ஐ 100ஆல் வகுத்தால் 2.7, கல்லின் அடர்த்தி கிடைத்துவிட்டது. கிணற்றில் தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாக வருகிற குடம், வெளியே வந்ததும் கையை இழுக்கிறதே, அதுவும் இதனால்தான்.

இரும்பு ஆணி மூழ்குது, இரும்புக் கப்பல் மட்டும் எப்படி மிதக்குது?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். ஆணி முழுக்க இரும்பு. கப்பல் என்பது இரும்புத் தகடும் அதற்குள் ஏராளமான காற்றும். தண்ணீரை விலக்குவது தகடு மட்டுமில்லை, உள்ளே இருக்கிற காலி இடமும் சேர்ந்து விலக்குகிறது. மொத்த எடையை மொத்த இடத்தால் வகுத்தால் அடர்த்தி 1க்குக் கீழே வந்துவிடும். 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்றின் எடை சுமார் 20 கிலோ. வாயை மூடித் தண்ணீரில் விட்டால் அது தன்னைத் தவிர இன்னும் 180 கிலோ சுமக்கும். கோயில் தெப்பங்களுக்கு அடியில் பீப்பாய்களை வரிசையாகக் கட்டுவது இந்த நம்பிக்கையில்தான்.

நம் கடற்கரையிலேயே இரண்டு விதமும் உண்டு. வள்ளம் உள்ளே காற்றைப் பிடித்து வைத்து மிதக்கிறது, தண்ணீர் ஏறினால் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுமரத்தில் உள்ளே என்று ஒன்றே இல்லை. கட்டைகளின் இடுக்கு வழியாக அலை வந்து வழிந்து போகும், கட்டையே தண்ணீரைவிட லேசு என்பதால் அது தாழ்ந்து போவதில்லை. கரையில் அலை உடைகிற இடத்தைத் தாண்ட அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்பேன்.

கடல்ல போற கப்பல் ஆத்துக்குள்ள வந்தா என்ன ஆகும்?

கொஞ்சம் தாழும். கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. 10,000 டன் கப்பல் கடலில் சுமார் 9,756 கன மீட்டர் தண்ணீரை விலக்கினால் போதும், நல்ல தண்ணீரில் முழுசாக 10,000 கன மீட்டர் விலக்க வேண்டும். ஹூக்ளி ஆற்றுக்குள் ஏறிக் கொல்கத்தா போகிற கப்பல்கள் இதைக் கணக்கில் எடுத்தே சரக்கு ஏற்ற வேண்டும்.

கப்பல் பக்கவாட்டில் ஒரு வட்டமும் குறுக்கே கோடும், பக்கத்தில் ஏணிப்படி மாதிரிச் சில கோடுகளும் பார்த்திருப்பீர்கள். கோடைக் கடல், குளிர்காலக் கடல், வெப்பமண்டலக் கடல், நல்ல தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் எதுவரை தாழலாம் என்பதன் அடையாளம் அது. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிக் கப்பல்களையும் மாலுமிகளையும் பலி கொடுத்த காலத்தில், சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் போராடி 1876இல் இதைச் சட்டமாக்க வைத்தார். ஒரு கோடு அத்தனை உயிர்களைக் காத்திருக்கிறது.

சாக்கடலின் அடர்த்தி சுமார் 1.24. அதில் படுத்தால் உடம்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெளியே நிற்கும்.

உப்புத் தண்ணியில முட்டையைப் போட்டு விதை நெல் பார்க்கிறாங்களே, அதுவும் இதுதானா?

இதேதான். புது முட்டையின் அடர்த்தி சுமார் 1.08, சாதாரணத் தண்ணீரில் மூழ்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் எழும்பி, பழைய 25 பைசா அளவுக்குத் தலை காட்டும். கரைசல் வேண்டிய அளவு வந்துவிட்டது என்று அர்த்தம். அதில் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மேலே வரும், நன்றாக முற்றிய மணி அடியில் தங்கும். சாதாரணத் தண்ணீரில் பதர் மட்டும்தான் பிரியும், அரைகுறை மணிகள் தப்பித்துவிடும். அதற்குத்தான் உப்பு. தேர்ந்த விதையை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும், உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

இதில் முட்டை புதிதாக இருப்பது முக்கியம். நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெரிதாகி, பழைய முட்டை சாதாரணத் தண்ணீரிலேயே மிதக்கத் தொடங்கிவிடும்.

உளுந்த மாவைத் தண்ணியில போட்டுப் பார்க்கிறது எதுக்கு?

உளுந்தும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த மாவு தண்ணீரைவிடக் கனம். நன்றாக ஆட்டும்போது குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்கின்றன, மாவு உப்புகிறது. ஒரு சொட்டு மிதந்தால் போதுமான காற்று ஏறிவிட்டது என்று பொருள். மெதுவடை மெத்தென்று வருவது அந்தக் காற்றால்தான்.

எண்ணெயில் போட்ட வடை முதலில் உள்ளே போய்ப் பிறகு எழும்புவதற்குக் காரணம் வேறு. காய்ந்த எண்ணெய் தண்ணீரைவிட நன்றாகவே லேசு, அதனால் மாவு தாழ்கிறது. சூட்டில் மாவின் ஈரம் ஆவியாகி உள்ளே துளைகளை உண்டாக்குகிறது, சுற்றிலும் குமிழியாக ஒட்டிக்கொள்கிறது. எடை குறைந்து, அடைக்கும் இடம் கூடி, மேலே வந்துவிடுகிறது.

பால்மானியை வச்சுத் தண்ணி கலந்த பாலைக் கண்டுபிடிச்சிட முடியுமா?

பாதிதான். பாலின் அடர்த்தி சுமார் 1.03. தண்ணீர் கலந்தால் குறையும், பால்மானி அதிகமாகத் தாழும். ஆனால் பாலில் உள்ள கொழுப்பு தண்ணீரைவிட லேசு. ஏட்டை எடுத்துவிட்டால் மிச்சப் பாலின் அடர்த்தி கூடும். ஏட்டையும் எடுத்து, அளவாகத் தண்ணீரும் ஊற்றினால் பால்மானி நல்ல பால் என்றே காட்டும். அதனால்தான் கொள்முதல் நிலையங்களில் கொழுப்பையும் தனியாக அளக்கிறார்கள்.

உயிரோட இருக்கிறவன் மூழ்கிடறான், பிணம் மட்டும் மிதக்குதே, அது எப்படி?

நம் உடம்பின் அடர்த்தி தண்ணீருக்கு மிக மிக அருகில் இருக்கிறது. நுரையீரல் நிறைய மூச்சு இருந்தால் 1க்குச் சற்றுக் கீழே, மூச்சை விட்டால் சற்று மேலே. மூச்சடங்கி நுரையீரலில் தண்ணீர் போன உடல் முதலில் மூழ்கத்தான் செய்யும். பிறகு அழுகும்போது உண்டாகும் வாயுக்கள் வயிற்றை உப்பவைத்து, எடை கூடாமல் இடத்தைக் கூட்டி, மேலே கொண்டுவருகின்றன.

உயிரோடிருப்பவர் மூழ்குவதற்குப் பெரிய காரணம் பதற்றம். கையை மேலே தூக்கினால் அந்தக் கையைத் தண்ணீர் தாங்காது, அதன் எடைக்கு ஈடாக மூக்கு உள்ளே போகும். மல்லாந்து, கைகளைத் தண்ணீருக்குள்ளேயே விரித்து, நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்தால் முகம் வெளியே நிற்கும். நீச்சல் கற்றுக் கொடுக்கும்போது இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவது, தலையை வெளியே வைக்கத் தேவையான நாலைந்து கிலோ தூக்கலுக்குத்தான். யாராவது தத்தளித்தால் நீச்சல் தெரிந்தாலும் உடனே குதிக்காதீர்கள், பயத்தில் கட்டிப்பிடித்து உங்களையும் இழுத்துவிடுவார்கள். மூடி போட்ட காலிக் கேனை எறியுங்கள். 20 லிட்டர் கேன் ஏறக்குறைய 19 கிலோவைத் தாங்கும், ஒருவர் பிடித்துக்கொள்ள அது தாராளம்.

குண்டூசி தண்ணி மேல நிக்குதே? அது இரும்புதானே?

அது மிதப்பே இல்லை. தண்ணீரின் மேல்பரப்பில் இருக்கும் இழுவிசை ஊசியைத் தாங்குகிறது. உற்றுப் பார்த்தால் ஊசியைச் சுற்றித் தண்ணீர் குழிந்திருக்கும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் உடனே மூழ்கிவிடும்.

ராமேஸ்வரத்துல மிதக்கிற கல்லைக் கண்ணால பார்த்தேன். அதுக்கு என்ன சொல்றீங்க?

மிதக்கும் கற்கள் உலகத்தில் நிஜமாகவே உண்டு. எரிமலைக் குழம்பு வாயுவோடு பொங்கி வேகமாக இறுகும்போது உள்ளெல்லாம் துளையான நுரைக்கல் உண்டாகிறது. 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது வெளிவந்த நுரைக்கற்கள் கூட்டம் கூட்டமாக இந்தியப் பெருங்கடலில் மிதந்து ஆப்பிரிக்கக் கரைவரை போயின. உலர்ந்த பவளக் கல்லிலும் துளைகள் ஏராளம். கல்லின் பொருள் தண்ணீரைவிடக் கனம்தான். துளைகளில் அடைபட்ட காற்றோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், கப்பலுக்குச் சொன்னதே இதற்கும் பொருந்தும். துளைகள் நாளடைவில் தண்ணீரை உறிஞ்சினால் இப்படிப்பட்ட கல் மூழ்கவும் செய்யும்.

கேட்பவர்களின் பக்தியைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. கல்லைக் கையில் தூக்கிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். அதே அளவுக் கருங்கல்லைவிட எவ்வளவு லேசு என்று கைக்கே தெரியும்.

ஐஸ் போட்ட டம்ளர் விளிம்புவரை நிறைஞ்சிருக்கு. ஐஸ் உருகினா வழியுமா?

வழியாது. மிதக்கும் ஐஸ் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத்தான் விலக்கியிருக்கிறது. உருகினால் அதே எடைத் தண்ணீராகி, விலக்கிய இடத்தைச் சரியாக நிரப்பும்.

அப்படியானால் துருவப் பனி உருகினால் கடல் ஏன் உயர வேண்டும் என்று அடுத்த கேள்வி வரும். கடலில் மிதக்கும் பனியால் உயர்வது மிகச் சொற்பம். உப்பில்லாத பனி உப்புத் தண்ணீரில் உருகுவதால் அந்தச் சொற்பம். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் தரைமேல் இருக்கும் பனி இதுவரை கடலில் எதையும் விலக்கவில்லை, உருகி வந்தால் அத்தனையும் புதுத் தண்ணீர். அதோடு, சூடேறுவதால் கடல்நீரே விரிகிறது.

திடப் பொருள் எல்லாமே தன்னோட திரவத்துல மிதக்குமா, ஐஸ் மாதிரி?

பெரும்பாலும் மூழ்கும். தண்ணீர் ஒரு விதிவிலக்கு, உறையும்போது அதன் மூலக்கூறுகள் இடம் விட்டு அடுக்கப்படுவதால் 9 சதவீதம் அளவுக்கு விரிகிறது. மார்கழிக் குளிரில் பாதி உறைந்த தேங்காய் எண்ணெயைப் பாருங்கள், உறைந்தது அடியில் கிடக்கும்.

தங்கத்தைத் தண்ணியில போட்டே சுத்தமா இல்லையான்னு சொல்லிடலாமா?

ஓரளவுக்கு. சிராக்கியூஸ் மன்னர் ஹியரோவின் கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று ஆர்க்கிமிடீஸ் கண்டுபிடித்த கதை இதுதான், அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த விட்ருவியஸ் அதை எழுதி வைத்தார். முன்னால் சொன்ன தராசுச் சோதனையே வழி. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு வேண்டும். 22 காரட் தங்கத்தின் அடர்த்தி 17.7 சுமாருக்கு இருக்கும், ஒரு பவுன் அதாவது 8 கிராம் நாணயத்தை நூலில் கட்டி இறக்கினால் 0.45 கிராம் ஏறும். பித்தளையாக இருந்தால் 0.94 காட்டும்.

அரக்கு நிரப்பிய நகை, கல் பதித்த நகை, உள்ளே கூடான வளையல் எதற்கும் இது ஒத்துவராது. டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தியும் 19.3ஐ ஒட்டியே இருப்பதால், அதை உள்ளே வைத்து மேலே தங்கம் போர்த்திய கட்டியையும் இது பிடிக்காது.

ஆழமான கடல்ல போட்ட பொருள் பாதி ஆழத்துல நின்னுடும்னு சொல்றாங்களே?

நிற்காது. தண்ணீரை அழுத்தி அடர்த்தியாக்குவது மிகக் கடினம். 1912இல் மூழ்கிய டைட்டானிக் கிடக்கும் இடம் சுமார் 3,800 மீட்டர் ஆழம். அங்கே கடல்நீரின் அடர்த்தி மேலே இருப்பதைவிட 2 சதவீத அளவில்தான் அதிகம். 7.9 அடர்த்தி உள்ள எஃகை அது நிறுத்தாது.

காற்று உள்ள பொருளுக்கு நேர்மாறாக நடக்கும். 10 மீட்டர் ஆழத்தில் காற்றின் கன அளவு பாதியாகச் சுருங்கும், விலக்கும் தண்ணீர் குறையும், இன்னும் வேகமாகத் தாழும். நீர்மூழ்கிக் கப்பல் விரும்பிய ஆழத்தில் நிற்கிறது என்றால், தொட்டிகளில் கடல்நீரை ஏற்றியும் இறக்கியும் மாலுமிகள் விடாமல் சரிசெய்வதால்தான். பல மீன்கள் உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பையில் இதே வேலையைச் செய்கின்றன. சுறாவுக்கு அந்தப் பை கிடையாது, எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் ஓரளவு கைகொடுக்கிறது.

குளத்துல படகுல உட்கார்ந்து, படகுல இருக்கிற பாறாங்கல்லைத் தண்ணியில போட்டா குளத்து மட்டம் ஏறுமா இறங்குமா?

இறங்கும். 27 கிலோ கல் படகில் இருக்கும்வரை, அதன் எடைக்காகப் படகு 27 லிட்டர் தண்ணீரை விலக்குகிறது. அடியில் கிடக்கும் கல் தன் கன அளவான 10 லிட்டரை மட்டும்தான் விலக்கும். 17 லிட்டர் அளவுக்கு மட்டம் இறங்கும். கல்லுக்குப் பதில் மரக்கட்டையைப் போட்டால் மட்டம் மாறாது, ஏன் என்று ஐஸ் பதிலை வைத்து நீங்களே சொல்லிவிடலாம்.

10,000 டன் கப்பல் மிதக்கணும்னா குறைஞ்சது 10,000 டன் தண்ணியாவது இருக்கணும்ல?

வேண்டியதில்லை. இரண்டு டம்ளர்கள் எடுங்கள், ஒன்று மற்றதற்குள் கொஞ்சம் இடுக்கு விட்டுப் போகிற மாதிரி. பெரியதில் சில கரண்டித் தண்ணீர் விட்டு, உள்ளே சின்ன டம்ளரை நேராக இறக்குங்கள். தண்ணீர் இடுக்கில் ஏறிக்கொள்ளும், சின்னது அடியைத் தொடாமல் ஆடும். அதற்குள் கொஞ்சம் அரிசி போட்டாலும் மிதக்கும், போட்ட தண்ணீரைவிட டம்ளரும் அரிசியும் கனமாக இருந்தாலும். “விலக்கிய தண்ணீர்” என்பது டம்ளரின் மூழ்கிய பகுதி அடைத்த இடத்தின் கணக்கு, அவ்வளவு தண்ணீர் எங்கோ நிஜமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. பெட்டிக் கணக்கில் பார்த்தது போல, ஆழம்தான் அழுத்தத்தைத் தருகிறது.

காத்துலயும் மிதப்பு விசை உண்டா?

உண்டு. ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ. 70 லிட்டர் அளவுள்ள உங்கள் உடம்பைக் காற்று இப்போதும் 84 கிராம் அளவுக்குத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறது. பொங்கல் சமயத்தில் பொள்ளாச்சியில் பறக்கவிடுகிற வெப்பக்காற்று பலூன்களில், 100 டிகிரி காற்று ஒரு கன மீட்டருக்குக் கால் கிலோ அளவுக்கு லேசாகிறது. ஆளையும் கூடையையும் தூக்க ஆயிரக்கணக்கான கன மீட்டர் தேவைப்படுவது அதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை. ஜன்னல் மூடிய காரில் ஹீலியம் பலூனைக் கயிற்றில் கட்டி வைத்திருங்கள். கார் சட்டென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்வோம், பலூன் முன்னால் சாயும். காற்றும் பின்பக்கம் நெருக்கிக்கொள்கிறது, அங்கே அழுத்தம் கூடுகிறது, லேசான பலூனை முன்னால் தள்ளுகிறது.

மிதக்க வேண்டிய பொருளே அடியில ஒட்டிக்கிட்டு எழும்பாம கிடக்குமா?

கிடக்கலாம். மிதப்பு விசை அடிமுகத்தில் தண்ணீர் தள்ளுவதால் வருகிறது. அடி வழவழப்பாக, தரையோடு ஒட்டி, இடையில் தண்ணீரே புகாமல் இருந்தால் மேலே தள்ள ஒன்றும் இல்லை, மேலிருந்து அழுத்துவது மட்டும் மிஞ்சும். சேற்றில் புதைந்த படகைக் கிளப்பும்போது, அடியில் தண்ணீர் புகும்வரை அது அசையாமல் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

லிஃப்ட் வேகமா மேலே போறப்ப, உள்ளே வாளியில மிதக்கிற கட்டை இன்னும் தாழுமா?

தாழாது. கட்டையின் எடை கூடின மாதிரி இருக்கும், விலக்கிய தண்ணீரின் எடையும் அதே விகிதத்தில் கூடிவிடும். நிலாவில் ஒரு குளம் இருந்தாலும் கட்டை இதே அளவுதான் மூழ்கியிருக்கும்.

எடையே உணரப்படாத விண்வெளி நிலையத்தில் மட்டும் கதை வேறு. அங்கே ஆழத்தோடு அழுத்தம் கூடுவதில்லை, அதனால் மேலே தள்ளவும் ஒன்றுமில்லை. தண்ணீருக்குள் விட்ட காற்றுக் குமிழி விட்ட இடத்திலேயே நிற்கும், பக்கத்தில் ஒரு இரும்பு ஆணியை வைத்தாலும் அதுவும் அப்படியே நிற்கும்.